விண்டோஸ் 11-க்கு மாறுவதா? முதலில் அந்தக் கணினியின் வேலையைச் சொல்லுங்கள்

"பத்துலயே இருந்துக்கலாமா, பதினொண்ணு போட்டுடலாமா?" 2025 அக்டோபருக்குப் பிறகு நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். கேட்பவர்கள் கணினியின் மாடலைச் சொல்வார்கள், ரேம் எவ்வளவு என்று சொல்வார்கள், எந்த வருஷம் வாங்கியது என்றும் சொல்வார்கள். அதில் தினமும் என்ன வேலை நடக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். கிட்டத்தட்ட ஒரே வயதுள்ள இரண்டு கணினிகளில் ஒன்றுக்கு "இன்றைக்கே மாற்றிவிடுங்கள்" என்றும் இன்னொன்றுக்கு "தொடவே தொடாதீர்கள்" என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டுமே சரியான பதில்தான்.

நான் புத்தகங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் பக்க வடிவமைப்பு செய்கிறவன். அச்சகங்களோடு புழங்கிப் புழங்கி, சுற்றியுள்ளவர்களின் கணினிகளையும் பார்த்துக்கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. அதனால் இந்தப் பதிவில் தமிழில் தட்டச்சு செய்கிறவர்களின் சிக்கல்களைக் கொஞ்சம் கூடுதலாகவே பேசப்போகிறேன். பொதுவான ஆலோசனைகளில் அவை வருவதே இல்லை.

முதலில், என்ன நடந்தது? 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதனால் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. நின்றது, மாதாமாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள். "ஓடிக்கிட்டுதானே இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதை விளக்குவது அவசியம். விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் அடித்தள நிரலில் பெரும்பகுதி பொதுவானது. 11-ல் ஒரு ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிட்டதும், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தேர்ந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். 11-ல் அடைபட்ட அதே ஓட்டை 10-ல் திறந்தே கிடக்கும். மாதங்கள் போகப்போக இப்படித் திறந்து கிடப்பவை கூடிக்கொண்டே போகும்.

2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற தீநிரல் நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்டிருந்த கணினிகள் உலகமெங்கும் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைசிகிச்சைகள் தள்ளிப்போயின. 2014-லேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டிவந்தது. அந்தச் சம்பவத்தில் என் மனதில் நின்றது வேறொரு விஷயம். ஒரு கணினிக்குள் வந்துவிட்டால், அதே நெட்வொர்க்கில் இருந்த மற்ற கணினிகளுக்கு யாரும் எதையும் கிளிக் செய்யாமலே அது தாவியது. அச்சகத்தைப் பற்றிப் பேசும்போது இது திரும்பவும் தேவைப்படும்.

அதற்காக "உடனே புதுசு வாங்கு" என்று பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டுக் கணினிக்கு வரும் ஆபத்தில் பெரும்பகுதி பிரவுசர் வழியாகவும் மெயில் இணைப்புகள் வழியாகவும் வருகிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. குரோம் பிரவுசர் 2023 தொடக்கம் வரை அதில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. இப்போதும் டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்களை 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-க்குத் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஓட்டை அடைபடாதுதான். ஆனாலும் ஒரே நாளில் எல்லாம் இடிந்துவிழும் நிலைமை இல்லை. யோசிக்க நேரம் இருக்கிறது.

இனி, வாசலில் நிற்கிற தடை. 2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் இருந்தால் போதும் என்கிறார்கள். இந்த அளவு பெரும்பாலானவர்களிடம் உண்டு. இடிப்பது மற்ற நிபந்தனைகள்: டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், பிராசசர் பட்டியல். இன்டெல் என்றால் சில விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை முதல், ஏ.எம்.டி. என்றால் ஏறக்குறைய ரைசன் 2000 வரிசை முதல். இதன் விளைவு என்ன தெரியுமா? 2016-ல் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஐ7 வெளியே நிற்கிறது. அதன் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராத ஒரு பிந்தைய செலரான் உள்ளே போகிறது. இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. இந்தக் கெடுவால் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது. அவற்றில் ஏராளமானவை இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடியவை.

"இந்தக் கணினி தகுதி பெறவில்லை" என்ற செய்தியைப் பார்த்ததும் மனம் தளர வேண்டாம். என் மேசைக் கணினியில் ரைசன் 5 3600 இருக்கிறது. பட்டியலில் உள்ள பிராசசர்தான்; ஆனாலும் தகுதி இல்லை என்றே காட்டியது. காரணம், அசெம்பிள் செய்த பல கணினிகளில் டி.பி.எம். பயாஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். என்றும், இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும் அந்த வசதிக்குப் பெயர். அதை இயக்கியதும் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலி பச்சை காட்டிவிட்டது. நான் 11-க்கு மாறினேன். என் வேலை இன்டிசைனில் நடக்கிறது, வங்கியும் வாடிக்கையாளர் மெயிலும் அதே கணினியில்தான், அது நாள் முழுக்க இணையத்தில் கிடக்கிறது. இத்தனையும் சேர்ந்த பிறகு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

தகுதியில்லாத கணினியில் ரூஃபஸ் மாதிரிக் கருவிகளை வைத்து 11-ஐ ஏற்றிவிட முடியும். பல சர்வீஸ் கடைகளில் அப்படித்தான் போட்டுத் தருகிறார்கள். சொந்தப் பரிசோதனைக்கு என்றால் சரி. ஆனால் கடைக்கணக்கோ பிழைப்போ ஓடும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. 24ஹெச்2 பதிப்பு வந்தபோது, தேவையான சில கட்டளைகள் பிராசசரிலேயே இல்லாத மிகப் பழைய கணினிகள் பூட் ஆகவே முடியாமல் போயின. பாதுகாப்புக்காக மாறப்போய், அடுத்த அப்டேட் வருமா வராதா என்று தெரியாத இடத்தில் போய் நிற்பதில் என்ன பயன்?

என் சித்தப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆறாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10, தமிழ்99-ல் வேகமாகத் தட்டச்சு செய்வார். உள்ளூர் வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறார். "ஏம்ப்பா, நல்லாத்தானே ஓடுது, இதைத் தூக்கிப் போடச் சொல்றானா?" என்று கேட்டார். தூக்கிப் போட வேண்டியதில்லை. 22ஹெச்2 பதிப்பில் இருக்கும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்டின் 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது கணினியின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்துக் காசில்லாமலே சேரலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான சுட்டி வரும். சித்தப்பாவுக்கு மூன்றாவது வழியில் சேர்த்துவிட்டேன். ஆனால் அது ஒரு தவணை மட்டுமே, தீர்வாகாது.

அவருக்கு லினக்ஸ் மின்ட் போட்டுவிடத்தான் எனக்கு ஆசை. எழுதுவது லிப்ரே ஆஃபீஸில் நடக்கும், தமிழ்99 அதிலும் உண்டு. தடையாக இருப்பது அவருடைய கேனன் எல்பிபி 2900 பிரிண்டர். அதை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், டோனரை மாற்றி மாற்றிப் போட்டால் சாகாமல் உழைக்கும். லினக்ஸில் மட்டும் அதன் டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அவரைத் தினமும் என்னிடம் போன் போட வைக்கிற மாற்றம் அவருக்கு உதவி ஆகாது. ஒரு ஓ.எஸ்.ஸை முடிவு செய்வது பல நேரங்களில் பக்கத்தில் இருக்கும் பிரிண்டர்தான். ஆடிட்டர் அலுவலகங்களில் அந்த இடத்தில் டேலியும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் இருக்கின்றன. அவர்கள் வீணாக யோசிக்காமல் 11-க்கான கணினிக்குப் போவதே நல்லது.

பக்கத்துத் தெருவில் கல்லூரி படிக்கும் ஒரு பெண்ணின் கதை நேர்மாறு. அவளுடைய அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி, 4 ஜிபி ரேம், நகர மறுக்கும் ஹார்ட் டிஸ்க். "அண்ணா, பைத்தான் படிக்கணும், புதுசு வாங்க வீட்ல இப்ப முடியாது" என்றாள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, மின்ட் 22-ன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினோம். 2029 வரை அதற்கு அப்டேட் வரும். ரேம் விலை ஏறிக்கிடக்கும் இந்த நேரத்தில் இருக்கிற 4 ஜிபியோடு நிம்மதியாக ஓடுகிறது. 2011-ல் தொடங்கிய அந்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்த்த மாணவர்கள் குறைவு, சொல்லிக்கொடுத்த பள்ளிகள் அதைவிடக் குறைவு. அன்றைக்கு அது ஒழுங்காக நடந்திருந்தால் இன்றைக்கு இந்த அக்டோபர் கெடு எத்தனையோ வீடுகளைத் தொட்டிருக்காது என்பது என் ஆதங்கம். இப்போது கற்க நினைப்பவர்களுக்குத் தமிழிலேயே கணியம் தளத்தில் கட்டுரைகள் கொட்டிக்கிடக்கின்றன.

சரி, மாறுவது என்று முடிவெடுத்தாகிவிட்டது. சர்வீஸ் கடையில் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

இருக்கிற விண்டோஸின் மேலேயே 11-ஐ ஏற்றினால் எழுத்துருக்களும் கோப்புகளும் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். ஆனால் பல கடைகளில் "ஃபார்மேட் அடிச்சு சுத்தமா போட்டுர்றேன்" என்பார்கள். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் காப்பி எடுத்துவைப்பார்கள். எழுத்துருக் கோப்புறையை நினைக்க மாட்டார்கள். பாமினி, வானவில், ஸ்ரீலிபி, செந்தமிழ் என்று வருஷக்கணக்காகச் சேர்த்த எழுத்துருக்கள் அத்தோடு போய்விடும். பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் குடியிருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளே தெரியும். ஆகவே முதல் வேலை, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையை முழுதாக நகலெடுப்பது. பழைய தட்டச்சு முறையிலேயே கை பழகியவர்கள் என்.ஹெச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருளின் நிறுவு கோப்பையும் எடுத்துவையுங்கள்.

யூனிகோடில் வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. லதாவும் விஜயாவும் விண்டோஸ் 10 முதற்கொண்டே தானாக வருவதில்லை. தமிழை ஒரு மொழியாகச் சேர்த்தால்தான் கூடுதல் எழுத்துருக்களாக வந்து சேரும். லதாவில் செய்த 300 பக்கப் புத்தகத்தை அது இல்லாத கணினியில் திறந்தால் நிர்மலா வந்து உட்கார்ந்துகொள்ளும். படிக்க முடியும், ஆனால் வரி அளவு மாறும், பக்கம் தள்ளும், பொருளடைவில் போட்ட எண்கள் எல்லாம் பிசகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக 24ஹெச்2 போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி, யாருடைய கணக்கில் நுழைந்தோமோ அந்தக் கணக்கில் போய்ச் சேரும். கடைக்காரர் வேலையைச் சுருக்க ஏதோ ஒரு மெயிலைப் போட்டு முடித்திருந்தால், பின்னொரு நாள் பயாஸ் மாறியோ போர்டு பழுதாகியோ சாவி கேட்கும்போது உங்கள் குடும்பப் படங்கள் அத்தனையும் அந்நியரின் மெயிலுக்குப் பின்னால் கிடக்கும். பக்கத்தில் நின்று உங்கள் கணக்கையே போடச் சொல்லுங்கள். சாவியைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். "ஆக்டிவேட்" செய்து தருகிறேன் என்று ஏதோ கருவியை ஓட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முறையான 10 இருந்தால் தகுதியுள்ள கணினிக்கு 11 இலவசம்தான்.

இப்போது, தொடாதீர்கள் என்று நான் சொன்ன இடத்துக்கு வருகிறேன். சிவகாசிப் பக்கம் ஒரு அச்சகம். கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர், கோயில் கொடை நோட்டீஸ். ஒரு கணினியில் பேஜ்மேக்கர் 7. இன்னொன்றில் 32-பிட் விண்டோஸ் 10. அதில் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கணக்கு, காகித இருப்பும் பழைய பாக்கியும் அதற்குள்தான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ரசீது வரும். அந்த அண்ணாச்சியிடம் யாரோ "ரெண்டுலயும் பதினொண்ணு போட்டுருங்க, வைரஸ் வந்துரும்" என்று சொல்லியிருந்தார்கள்.

போட்டிருந்தால் கணக்கு அன்றைக்கே நின்றிருக்கும். டாஸ் காலத்து 16-பிட் நிரல்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது, விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பு என்பதே கிடையாது. டாஸ்பாக்ஸ் என்ற வழி உண்டுதான். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அதற்கு இணங்க வேண்டும், கணக்கும் ஒரு பைசா பிசகக் கூடாது. பேஜ்மேக்கரின் நிலைமை அதைவிட நுட்பமானது. 2001-ல் வந்த 7-ஆம் பதிப்போடு அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. இன்டிசைன் சி.எஸ்.6 வரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. அதற்குப் பின்னால் வந்த சி.சி. பதிப்புகள் திறப்பதில்லை. ஆக, இத்தனை வருஷத்துக் கோப்புகளிலிருந்து எழுத்தை வெளியே எடுக்க நம்பகமான ஒரே வாசல், ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய கணினிதான். அதைப் புதுப்பிக்கிறேன் என்று கைவைப்பது அந்த வாசலையே இழக்கும் ஆபத்தில் முடியலாம்.

அதற்காக அப்படியே விடவும் இல்லை. இரண்டு கணினியிலும் நெட்வொர்க் கேபிளைக் கழற்றினோம், வைஃபையை அணைத்தோம். ஒன்றுக்கொன்று இணைப்பும் இல்லை. வானாக்ரை பரவியது அப்படி ஒரு இணைப்பில்தான். பழைய ஹார்ட் டிஸ்க்குகளை அப்படியே எஸ்.எஸ்.டி.க்கு குளோன் செய்து, மூல டிஸ்க்கை எடுத்துப் பத்திரப்படுத்தினோம். வைரஸுக்கு முன்னால் அந்த டிஸ்க் சாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மெயில், வாட்ஸ்அப், ஜிஎஸ்டி எல்லாவற்றுக்கும் விண்டோஸ் 11 உள்ள ஒரு சாதாரணக் கணினி தனியாக வந்தது. பென் டிரைவ் எதுவானாலும் முதலில் அதில் ஸ்கேன் ஆன பிறகுதான் உள்ளே போகும்.

இந்தத் தனிமையை வைத்து நாம் வாங்கியிருப்பது கால அவகாசம். அதில் கோப்புகளை மாற்ற வேண்டும். எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டால் தமிழ் யூனிகோடாகிவிடும், ஆனால் ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறிவிடும். வெறும் எழுத்தாக எடுத்த பிறகு எது தமிழ், எது ஆங்கிலம் என்று நிரலுக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பும் வேலை பார்க்கும் கம்பெனியும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும். வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்கும் சில அலங்கார எழுத்துருக்களுக்கு யூனிகோட் வடிவமே கிடையாது. அந்தத் தலைப்புகளைப் படமாக எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

"ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் போடணும் தம்பி. அதுக்குள்ள முடிஞ்சிருமா?" என்று அண்ணாச்சி கேட்டார். புது வருஷக் காலண்டர் மாதிரிகள் அன்றைக்குத்தான் வெளிவரும். அதன் பிறகு மார்கழி வரைக்கும் அச்சகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது.

"எல்லாமும் முடியாது அண்ணாச்சி. வருஷா வருஷம் திரும்ப வர்ற காலண்டர் தாள்களும் கோயில் நோட்டீசும் முடிஞ்சிரும். கல்யாணப் பத்திரிகை எல்லாத்தையும் மாத்த வேண்டாம், மாதிரிக்கு எடுக்கிறதை மட்டும் மாத்துவோம்."

"கணக்கு?"

"அதை இந்தப் பங்குனி வரைக்கும் பழசுலயே ஓட்டுங்க. சித்திரையிலேர்ந்து புதுசுல எழுதுங்க. பழைய பாக்கியைப் பார்க்க மட்டும் இந்த சிஸ்டம் அப்படியே நிக்கட்டும்."